தேவாலயத்துக்குள் நுழைந்த நாலாம் நம்பர் லொறி

அத்தியாயம் ஐந்து

போன செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் லொறி வஹகோட்டை தேவாலயத்தின் பெரிய வாசல் வழியாக உள்ளே போய், பீடத்தின் முன்னால் சற்று நேரம் நின்று, பக்கவாட்டு வாசலால் வெளியே வந்திருந்தது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையும் அப்படியே. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி அந்தப் பயணத்தை மறுபடியும் நடத்திக் காட்டியது.

மாணிக்கவாசகம் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு மாத்தளையில் காணாமற்போன பொருள்களையும் கெட்டுப்போன பெயர்களையும் மீட்டுக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். துப்பறிவாளர் என்று பலகை எதுவும் தொங்கவிடவில்லை. தேவைப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

இந்த முறை கெடவிருந்தது சொந்தக் குடும்பத்தின் பெயர். நகரத்து மக்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த லொறிகளின் நெற்றியில் 'நல்லையா' என்று எழுதியிருக்கும். அது அவருடைய தகப்பனாரின் பெயர். இப்போது நிறுவனத்தை நடத்துகிறவன் அவருடைய தம்பி மகன் உதயராஜ்.

உதயராஜ் கெட்டவன் அல்லன். கொழும்பில் வாகனத் தொகுதியை நிர்வகிப்பது எப்படி என்று ஒரு வகுப்புக்குப் போய்வந்தான். வந்ததும் மேல்மாடி அறையின் சுவரில் 'சட்டம், திறமை, சிக்கனம்' என்று பெரிய எழுத்தில் எழுதுவித்தான். எல்லா லொறிக்கும் ஆண்டு வரி கட்டிப் பெறும் வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் எல்லாம் காலம் தவறாமல் எடுத்தான். சாரதிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அந்த நாளில் ஓட்ட ஹாஷிம் என்ற மாற்றுச் சாரதியையும் அமர்த்தினான். இதுவரை மாணிக்கவாசகத்துக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, இருக்கும் இடத்தைக் காட்டும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சாரதிகளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு லொறியிலும் ஒட்டவைத்தான். அன்றோடு அவன் கீழே லொறிகள் நிற்கும் யார்டுக்கு இறங்குவது நின்றுபோயிற்று. குளிரூட்டியைப் போட்டு, ஜன்னல் சீலையை இழுத்து மூடி, புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது பெரியப்பா," என்றான். "செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் டிரைவர் செபஸ்தியானுக்கு லீவு. அன்னைக்கு லொறிய ஹாஷிம் தம்புள்ளைக்குக் கொண்டுபோறதாச் சொல்றான். ஆனா லொறி வஹகோட்டையில நிக்குது. செபஸ்தியான் வீட்டுல."

குற்றம் அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை மாலையில் வஹகோட்டைக்குப் போகும்போது லொறி ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் நின்று நின்று போகிறது. ஆகவே அனுமதி இல்லாமல் ஆள் ஏற்றுகிறான் என்பது உதயராஜின் முடிவு. தேவாலயத்துக்குள் ஒவ்வொரு முறையும் 'கடும் பிரேக்' என்று பதிவாகிறது. அதற்குச் செபஸ்தியானுக்கு அபராதமும் போட்டாயிற்று. இன்றும் செவ்வாய்க்கிழமை. காலையில் ஹாஷிமைத் தொலைபேசியில் கேட்டபோது, தம்புள்ளையில் பூசணிக்காய் ஏற்றுவதாகச் சொன்னானாம். புள்ளி அப்போதும் வஹகோட்டையில் இருந்தது. எனவே ஹாஷிமும் கூட்டு.

யாராவது யார்டில் எட்டிப் பார்த்தார்களா என்று மாணிக்கவாசகம் கேட்டார். அது பழைய முறை என்று உதயராஜ் சொன்னான்.

கதவருகே நின்ற நிஷாந்தி தொண்டையைச் செருமினாள். மாணிக்கவாசகத்தின் மனைவிக்குத் தங்கை. ஐம்பதை நெருங்கியவள். த்ரீவீல் ஓட்டுகிறாள். அத்தானின் விசாரணைகளுக்கு வாகனமும் துணையும் அவள்தான். அத்தான் என்ற உறவு கேலி செய்வதற்கே ஏற்பட்டது என்பது அவள் கருத்து.

"பூசைக்கு லேட்டாப் போயிருக்கும். அதான் பீடத்துக்கிட்ட பிரேக் அடிச்சிருக்கு," என்றாள்.

உதயராஜ் சிரிக்கவில்லை. லொறியைத் திருடிவிட்டாய் என்று காலையிலேயே செபஸ்தியானுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். பொழுது சாய்வதற்குள் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறான்.

மாணிக்கவாசகம் எழுந்தார். செபஸ்தியானை இந்த நிறுவனத்தில் சேர்த்தவர் அவர். அவன் கைக்கு நான் பொறுப்பு என்று தம்பியிடம் சொல்லிச் சேர்த்திருந்தார். இந்தக் குடும்பத்தில் ஒருவர் வாக்குக் கொடுத்தால் அது எல்லாருடைய வாக்கு.

"நீ பொலிஸுக்குப் போனா நானும் வர்றேன்," என்றார். "அவன் திருடன்னா, அவனச் சேர்த்த நானும் கையெழுத்துப் போடுறேன். அதுக்கப்புறம் இந்தப் படியில ஏற மாட்டேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் பொறு."

கைத்தொலைபேசியிலும் அந்தப் புள்ளியைப் பார்க்கலாம் என்று உதயராஜ் ஏற்பாடு செய்து கொடுத்தான். அதே ஏற்பாட்டால் பெரியப்பாவின் தொலைபேசியும் அவன் திரையில் ஒரு நீலப் புள்ளியாக விழுந்தது. கையில் இருந்த ஒரே துப்பு அந்தப் புள்ளிதான். அதன் பின்னாலேயே போவதென்று முடிவாயிற்று.

த்ரீவீலில் ஏறுமுன் மாணிக்கவாசகம் அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த உத்தரவுப்பத்திரத்தின் திகதியைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பார்ப்பார். நிஷாந்தி ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுவாள்.

நாவுல வீதியில் வடக்கே போனார்கள். மாணிக்கவாசகம் தொலைபேசியைக் கற்பூரத் தட்டைப் போல முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். புள்ளி வஹகோட்டையில் அசையாமல் இருந்தது. பலாபத்வல சந்தியை நெருங்கும்போது எதிரே ஒரு லொறி வந்தது. நெற்றியில் 'நல்லையா'. பக்கத்தில் பெரிதாக நாலு. மேலே பூசணிக்காய்.

நிஷாந்தி த்ரீவீலைக் குறுக்கே நிறுத்தினாள். லொறியும் நின்றது. உள்ளேயிருந்து ஹாஷிம் தலையை நீட்டி, பெரியய்யா எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டான்.

மாணிக்கவாசகம் இறங்கினார். இலக்கத் தகட்டைப் படித்தார். உத்தரவுப்பத்திரத்தைப் படித்தார். குடையின் நுனியால் டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்தார். நாலாம் நம்பர் லொறி வஹகோட்டையில் செபஸ்தியானின் வீட்டுக்குள் இருந்தது.

"அப்ப இது யாரு?" என்று நிஷாந்தி கேட்டாள்.

மாணிக்கவாசகத்தின் முகம் கறுத்தது. ஒரே இலக்கத்தில் இரண்டு லொறிகள். யாரோ ஒருவன் நாலாம் நம்பரைப் போலவே ஒன்றைச் செய்து, அதே தகட்டைப் போட்டு, அவருடைய தகப்பனாரின் பெயரையும் எழுதி, வஹகோட்டையில் மறைத்து வைத்திருக்கிறான். திருட்டைக்கூட மன்னிக்கலாம். பெயரைப் படியெடுப்பதை எப்படி மன்னிப்பது?

ஹாஷிமின் கதையையும் பார்த்துவிட வேண்டும் என்று சாரதி இருக்கைப் பக்கம் ஏறினார். முன்பலகை முழுவதும் தூசி. நடுவில் மட்டும், ஒரு புத்தகம் வைக்கும் அளவுக்கு, நீள்சதுரமாகத் துடைத்துவிட்டாற்போல் ஓர் இடம். அத்தனை இடம் இருந்தும் ஹாஷிம் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டார்.

"அது செபஸ்தியான் அண்ணன்ட இடம் பெரியய்யா," என்றான். "அதுல நான் ஒண்ணும் வைக்கிறதில்ல. சரியில்லையே."

மாணிக்கவாசகம் அதை மனத்தில் போட்டுக்கொண்டார். அது எங்கே பொருந்துகிறது என்று தெரியவில்லை. லொறியை நேராக யார்டுக்குக் கொண்டுபோய், மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, ஹோர்ன் அடிக்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார்.

சந்தியில் இடது பக்கம் திரும்பினார்கள். போலி லொறியைக் கண்டால் யார் மறிப்பது என்று நிஷாந்தி கேட்டாள். நீ மறி, நான் பேசுகிறேன் என்றார். லொறி நிற்காமல் வந்தால் அவர் என்ன பேசுவார் என்று அவள் யோசித்துக்கொண்டே ஓட்டினாள்.

செபஸ்தியானின் வீடு வஹகோட்டையில் ஒரு வாய்க்காலின் கரையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மாணிக்கவாசகம் வீட்டைச் சுற்றி நடந்து கிணற்றுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"இந்த வீட்டுக்குள்ள லொறி இல்ல அத்தான்," என்றாள் நிஷாந்தி. "லொறிக்குள்ள வேணும்னா இந்த வீட்ட வைக்கலாம்."

அப்போது புள்ளி நகர்ந்தது. வீட்டைவிட்டு ஏற்கெனவே வெளியேறி, வாய்க்காலைத் தாண்டி, மறு கரையில் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலைத் தாண்டுவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு பாக்கு மரத்துண்டு.

செபஸ்தியானின் மனைவி துஷாரா வெளியே வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. அவர் கோயிலுக்குப் போகிறார், குறுக்கு வழியால் இப்போதுதான் போனார் என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னாள். லொறி ஏதும் வந்ததா என்று மாணிக்கவாசகம் கேட்டதற்கு, இந்த ஒழுங்கைக்குள் மீன்காரனின் மோட்டார் சைக்கிளே திரும்ப முடியாது என்றாள்.

மாணிக்கவாசகம் பாக்கு மரத்தைப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கி, தலை நிமிர்ந்தபடி அதில் கால் வைத்தார். கீழே பார்ப்பது அவர் வழக்கம் அல்ல.

"பயப்படாமப் போங்க," என்று பின்னால் நிஷாந்தி சொன்னாள். "லொறியே தாண்டியிருக்கு. உங்கள தாங்காதா?"

அந்தக் கேலி அவரைப் பாதி வழியில் நிறுத்தியது. லொறி தாண்ட முடியாது. புள்ளி தாண்டியது. அப்படியென்றால் புள்ளி லொறி அல்ல. இவ்வளவு நேரமும் ஒரு லொறியைத் துரத்துவதாக நினைத்திருந்தார்கள். துரத்தியது பாக்கு மரத்தில் நடக்கக்கூடிய ஒன்றை.

தேவாலயத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நாலைந்து பெண்கள் ஆங்காங்கே இருந்தார்கள். பீடத்துக்கு அருகே, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைக் கவிழ்த்தபடி செபஸ்தியான் நின்றான். கையில் துவாயால் சுற்றிய ஏதோ ஒன்றைப் பிடித்திருந்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடாலென்று முழங்காலில் விழுந்தான்.

தொலைபேசி கீச்சிட்டது. நிஷாந்தி எட்டிப் பார்த்தாள்.

"கடும் பிரேக்," என்று மெல்லச் சொன்னாள்.

பிரார்த்தனை முடியும்வரை மாணிக்கவாசகம் தூணோடு தூணாக நின்றார். அடுத்தவன் தெய்வத்தோடு பேசும்போது குறுக்கிடுவது மரியாதை அல்ல. செபஸ்தியான் எழுந்து திரும்பி அவரைக் கண்டதும் கிட்ட வந்தான்.

"பெரியய்யா, நான் லொறியத் திருடிட்டேன்னு மொதலாளி சொன்னாரு," என்றான். "எங்க வச்சேன்னு எனக்கே தெரியலங்க. அந்தோனியாருன்னா தொலைஞ்சதக் கண்டுபுடிச்சுக் குடுப்பாரு. அதான் கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் நிஷாந்தி.

இன்னும் பதில் வரவில்லை என்று செபஸ்தியான் உண்மையாகவே சொன்னான்.

மாணிக்கவாசகம் துவாயை அவிழ்க்கச் சொன்னார். சட்டம் போட்ட புனித அந்தோனியார் படம். ஒரு புத்தகத்தின் அளவு. தூசிக்கு நடுவே கண்ட அந்தச் சுத்தமான நீள்சதுரம் அவர் மனத்தில் வந்து உட்கார்ந்தது. அதோடு தகப்பனார் போட்ட ஒரு கட்டளையும் வந்தது. நல்லையாவின் லொறியில் ஏறும் சாரதி எந்தச் சமயத்தவனாக இருந்தாலும் தன் சாமியைத் தானே கொண்டுவர வேண்டும். லொறியை இன்னொருவன் கையில் கொடுக்கும்போது தன் சாமியைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். சாமி சாரதிக்குக் காவல், தகரத்துக்கு அல்ல என்பது அவர் வாதம். வேறெந்த நிறுவனத்திலும் அந்த வழக்கம் இல்லை. சாரதிகள் அதை இன்றுவரை மீறவில்லை. திங்கட்கிழமை மாலை செபஸ்தியான் லொறியை ஒப்படைத்துவிட்டு, அந்தோனியாரைத் துவாயில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வருவான்.

பஸ் தரிப்புகளில் நின்று நின்று.

மாணிக்கவாசகம் படத்தை வாங்கினார். நிஷாந்தியைத் தொலைபேசியோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பெரிய வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"அத்தான்," என்றாள் நிஷாந்தி. "லொறி உங்க நெஞ்சுல சாஞ்சிருக்கு."

படத்தைத் திருப்பினார். பின்புறத்தில் கறுப்பாக, தீப்பெட்டி அளவில் அந்தக் கருவி ஒட்டியிருந்தது. செபஸ்தியான் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்றான். லொறி அந்தோனியாரின் முதுகிலேயே இருந்திருக்கிறது.

மூவரும் த்ரீவீலில் மாத்தளைக்குத் திரும்பினார்கள். வழியில் உதயராஜ் அழைத்தான். குரலில் பதற்றம் இருந்தது. நாலாம் நம்பர் லொறி பெரியப்பாவை ஒட்டினாற்போல் பின்தொடர்கிறது, மோதப் போகிறது, ஓரமாக ஒதுங்கச் சொல்லுங்கள் என்றான்.

"தெரியும் தம்பி," என்றார் மாணிக்கவாசகம். "என் மடியிலதான் இருக்கு."

தொலைபேசியை நிறுத்தினார்.

யார்டுக்குள் நுழையும்போதே ஹோர்ன் கேட்டது. மேல்மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நாலாம் நம்பர் லொறி பூசணிக்காயோடு நின்றது. பெரியய்யா சொன்னபடி ஹாஷிம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தான். மதியத்திலிருந்து அடிப்பதாகவும் மேலேயிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றும் அலுத்துக்கொண்டான். செபஸ்தியானைக் கீழே ஹாஷிமோடு இருக்கச் சொல்லிவிட்டு, படத்தோடு மாணிக்கவாசகம் படியேறினார்.

உதயராஜ் சட்டையை மாற்றி, பொலிஸுக்குப் புறப்படத் தயாராக இருந்தான். மாணிக்கவாசகம் படத்தை அவன் மேசையில் வைத்தார். உதயராஜின் கண் திரையில் இருந்தது. சிவப்புப் புள்ளி வீதியைக் கடந்து, யார்டைக் கடந்து, மாடிக்கு வந்து, அவன் மேசைக்கு முன்னால் நின்றது. அவன் தன்னை அறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

மாணிக்கவாசகம் படத்தைத் திருப்பிக் காட்டினார். உதயராஜுக்குப் புரியச் சிறிது நேரம் எடுத்தது. சாரதிகள் சாப்பிடப் போன சமயத்தில் கருவிகளை ஒட்டியதாகவும், சாரதி கைவைக்கப் பயப்படும் இடமாகப் பார்த்து ஒட்டச் சொன்னதே தான்தான் என்றும், மற்ற லொறிகளில் மின்கம்பிகளுக்கு நடுவே ஒட்டியதாகவும், நாலாம் நம்பரில் மட்டும் சாமிப் படம் வாகாக இருந்ததாகவும், அதை யார் கழற்றுவார்கள் என்று நினைத்ததாகவும் விட்டுவிட்டுச் சொன்னான்.

"உங்க தாத்தா போட்ட வழக்கம்," என்றார் மாணிக்கவாசகம். "ஒவ்வொரு நாளும் கீழ நடக்குது."

ஜன்னல் சீலையை விலக்கினார். கீழே நாலாம் நம்பர் நின்றது. ஹாஷிம் அண்ணாந்து பார்த்துக் கடைசியாக ஒரு முறை ஹோர்ன் அடித்தான். அந்தச் சத்தம் கேட்டதா என்று மாணிக்கவாசகம் விசாரித்தார். கேட்டது, லொறி யார்டில் இல்லை என்று திரை காட்டியதால் வேறு யாரோ என்று நினைத்தேன், தொந்தரவாக இருந்ததால் குளிரூட்டியைக் கூட்டி வைத்தேன் என்றான் உதயராஜ்.

பிறகு அவன் தொலைபேசியை எடுத்தான். செபஸ்தியானிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், அபராதத்தையும் நீக்கிவிடுகிறேன் என்று எண்ணைத் தேடினான். மாணிக்கவாசகம் தொலைபேசியின் மேல் கை வைத்தார்.

"திருடன்னு சொன்னது போன்ல," என்றார். "இல்லன்னு சொல்றது நேர்ல. எல்லா டிரைவரும் நிக்கிறாங்க. இறங்கிப் போ."

உதயராஜ் சுவரில் எழுதியிருந்த மூன்று சொற்களைப் பார்த்தான். அங்கே உதவி எதுவும் கிடைக்கவில்லை. கருவியைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, இனி இதை எங்கே ஒட்டுவது என்று தயங்கிக் கேட்டான்.

"உங்க சட்டப் பைக்குள்ள போட்டுக்கங்க தம்பி," என்றாள் நிஷாந்தி. "மொதலாளி எங்க இருக்காருன்னு லொறிக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

அவன் வாதாடும் நிலையில் இல்லை. பையில் போட்டுக்கொண்டு, படத்தை இரு கையாலும் ஏந்தி, படியிறங்கினான்.

மாணிக்கவாசகம் ஜன்னல் சீலையை மறுபடியும் இழுத்து மூடினார். திரைக்கும் ஜன்னலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பியின் மகன் தலை குனிவதைப் பார்ப்பது அவருக்கு அழகல்ல.

நிஷாந்திக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நாலாம் நம்பர் லொறி மாடிப்படியில் இறங்குவதையும், யார்டில் கால்நடையாகப் போவதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாம் நம்பருக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டாம் நம்பருக்குப் பக்கத்திலும் நின்றது. எந்த லொறி எந்தச் சாரதியுடையது என்று கேட்டுக்கொண்டு போகிறதுபோல் இருக்கிறது என்றாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே, செபஸ்தியான் காத்திருந்த இடத்துக்கு வந்து வெகுநேரம் அசையாமல் நின்றது.

திரை கீச்சிட்டது.

"கடும் பிரேக், அத்தான்," என்றாள் நிஷாந்தி. "அபராதம் போடவா?"

"வேணாம்," என்றார் மாணிக்கவாசகம், திரும்பாமலே. "போட வேண்டிய இடத்துலதான் போட்டிருக்கான்."

குடையை எடுத்துக்கொண்டு, அந்தப் படியில் இறங்கினார்.